காசநோய்க் கிருமியும் காவல் அணுக்களும்

நம் மாணவர் பலரின் இடது தோளில் ஒரு சிறு தழும்பு இருக்கும். குழந்தைப் பருவத்தில் போட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. அம்மருந்தைத் தயாரிக்க 1948-ஆம் ஆண்டு கிண்டியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைந்தது. ஆனால், எல்லோரும் அதனை வரவேற்றுவிடவில்லை. தியாகராய நகர் பசுல்லா சாலையில் வாழ்ந்த மூதறிஞர் இராஜாஜி 1955-இல் அதனைக் கடுமையாக எதிர்த்தார். நலமாக இருக்கும் குழந்தையின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்தலாமா என்பதே அவரது கவலை. கவலை நியாயமானதே. அதற்கு விடை காண, காசநோய்க் கிருமி நம் காவல் அணுக்களை எவ்வாறு வீழ்த்துகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் கிருமி நம் நுரையீரலை அடைகிறது. அங்கே விழுங்கணுக்கள் எனப்படும் காவல் அணுக்கள் அதனை விழுங்கி ஒரு சிறு பைக்குள் அடைக்கின்றன. பிறகு, செரிக்கும் பொருள்கள் நிறைந்த மற்றொரு பை அத்துடன் இணையும். உள்ளே சிக்கிய கிருமி மடியும். பெரும்பாலான கிருமிகளின் கதை இவ்வளவே. காசநோய்க் கிருமியோ அவ்விரு பைகளும் இணையாதவாறு தடுத்து, சிறைக்கூடத்தையே குடியிருப்பாக்கிக் கொள்கிறது.

தொண்டை அடைப்பான் கிருமி வெளியிடும் நச்சு இரத்தத்தில் கலந்து இதயத்தையே தாக்கவல்லது. காசநோய்க் கிருமியிடம் அத்தகைய நச்சு எதுவும் இல்லை என்றே அறிஞர்கள் நெடுங்காலம் கருதினர். உண்மையில் அதன் நச்சுகள் தொலைவில் உள்ள உறுப்பைத் தேடிச் செல்வதில்லை. தன்னை விழுங்கிய அணுவையே தாக்குகின்றன. ஈசாட்-6 என்னும் புரதம், கிருமியின் கொழுப்புப் பொருள் ஒன்றின் துணையுடன், பையின் சுவரைச் சிதைக்கிறது. 2015-இல் விளக்கப்பட்ட டி.என்.டி. என்னும் நச்சு, அணுவின் ஆற்றல் உற்பத்திக்கு இன்றியமையாத என்.ஏ.டி. என்ற பொருளை அழிக்கிறது. ஆற்றல் இழந்த அணு வெடித்துச் சாகிறது. வெளிவந்த கிருமிகளை அண்டை அணுக்கள் விழுங்குகின்றன. அவையும் அவ்வாறே மாள்கின்றன. எனினும், கிருமி புகுந்தவர் அனைவரும் நோயுறுவதில்லை. பெரும்பாலோர் உடலில் காவல் அணுக்கள் ஒன்றுகூடி, கிருமியைச் சுற்றி வளைத்து அடக்கி வைக்கின்றன.

இனி ஊசி மருந்துக்கு வருவோம். பிரான்சு நாட்டின் கால்மெட், கெரான் என்ற இரு அறிஞர்கள், மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் கொடுமையைக் குறைத்தனர். 1921-இல் அது முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. கிருமி ஏன் வலுவிழந்தது என்பது அன்று எவருக்கும் தெரியாது. 1996-இல்தான் ஒரு காரணம் புலப்பட்டது. அதன் மரபுப்பொருளில் ஒரு பகுதி அறவே காணாமற்போயிருந்தது. ஈசாட்-6 புரதத்தை உருவாக்கும் மரபணு அப்பகுதியில்தான் இருந்தது. அஃதாவது, நாம் ஏற்றுக்கொண்டது முக்கியமான ஆயுதத்தைப் பறிகொடுத்த பகைவனையே. காவல் அணுக்கள் பெரிய ஆபத்தின்றி அவனிடம் போர்ப்பயிற்சி பெறுகின்றன.

எனினும், மூதறிஞரின் எச்சரிக்கை முற்றிலும் வீண் என்று தள்ளிவிட முடியாது. பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றிய குழந்தைக்கு இவ்வூசி தீங்கு செய்யக்கூடும். அத்தகையோருக்கு மருத்துவர்கள் இதைத் தவிர்க்கின்றனர். மேலும், 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இவ்வூசி தடுக்கவில்லை எனக் காட்டியது. குழந்தைகளின் மூளைக் காய்ச்சல் போன்ற கொடிய காசநோய்களைத் தடுப்பதே இதன் பெரும்பயன்.

ஆகவே, தழும்பு இருக்கிறது என்று எவரும் அசட்டையாக இருத்தல் கூடாது. நோய் வந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்டு, இன்று சேத்துப்பட்டில் தேசிய ஆராய்ச்சி நிலையமாக விளங்கும் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இந்நோயை வீட்டிலிருந்தே மருந்தால் குணப்படுத்த முடியும் என 1959-இல் உலகுக்கு மெய்ப்பித்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்துக்கொள்ளுங்கள். மருந்து இலவசம். பாதியில் நிறுத்தினால், மடியாமல் எஞ்சிய கிருமிகள் மருந்துக்கும் அடங்காதவையாய் மாறக்கூடும். வீட்டிலும் விடுதியிலும் இருமுவோரை ஒதுக்காமல், சோதனைக்கு அழைத்துச் செல்வது மாணவராகிய நம் கடமையாகும்.