மூச்சை இழுத்துப் பிடிங்க!

பூதப்பாண்டியில் ஒருவருக்கு விடாத இருமல். டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாகர்கோவிலில் ஏதாவது ஒரு மருத்துவமனையிலோ, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்ததும் கட்டளைகள் வரிசையாக வரும். "சட்டையக் கழத்துங்க. செயினையும் எடுத்திருங்க. பலகையப் பாத்து நில்லுங்க. தாடையத் தூக்கி மேல வைங்க. கைய இடுப்புல வச்சு முழங்கைய முன்னால தள்ளுங்க. மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க... அசையாதீங்க... சரி, விடுங்க." அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிற வேலை. ஆனால் அதில் ஒரு சொல்லும் வெறும் பழக்கத்தில் வந்ததல்ல.

எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல். எந்தப் பொருளும் திரையை ஒட்டியிருந்தால் அதன் நிழல் உள்ள அளவில் விழும். திரையை விட்டு விலக விலக நிழல் பெருத்து, ஓரம் மங்கும். இதயம் நெஞ்சின் முன்பக்கமாக இருக்கிறது. அதனால்தான் நெஞ்சைப் பலகையில் ஒட்டி நிற்கவைத்து, முதுகுப் பக்கமிருந்து கதிரைச் செலுத்துகிறார்கள். திருப்பி நிற்கவைத்தால் நல்ல இதயமும் வீங்கிய இதயம்போலத் தெரியும். கதிர்க்குழாய் ஆறடி, அதாவது சுமார் 180 சென்டிமீட்டர் தள்ளி நிற்பதற்கும் இதுவே காரணம். முழங்கையை முன்னால் தள்ளும்போது தோள்பட்டை எலும்புகள் விலகி நுரையீரலுக்கு வழிவிடுகின்றன. மூச்சை இழுத்ததும் உதரவிதானம் கீழே இறங்குகிறது. படம் வந்ததும் மருத்துவர் முதலில் விலா எலும்புகளை எண்ணுவார். பின்பக்க விலாக்கள் ஒன்பது, பத்து தெரிந்தால்தான் மூச்சு சரியாக இழுக்கப்பட்டது என்று பொருள்.

"அசையாதீங்க" என்ற சொல்லுக்குப் பிறகு 'விர்' என்று ஒரு சத்தம் கேட்கும். பலர் அதைக் கதிரின் சத்தம் என்று நினைக்கிறார்கள். கதிருக்குச் சத்தமே கிடையாது. குழாய்க்குள் ஒரு உலோகத் தட்டு சுழலத் தொடங்கியதுதான் அந்த விர். பொத்தானுக்கு இரண்டு நிலை உண்டு. பாதி அழுத்தினால் தட்டு வேகம் பிடிக்கும். முழுதாக அழுத்தினால்தான் கதிர் பாயும்.

தட்டு ஏன் சுழல வேண்டும்? குழாயின் ஒரு முனையில் சூடேறிய இழையிலிருந்து எலக்ட்ரான்கள் பாய்ந்துவந்து எதிர்முனையிலுள்ள டங்ஸ்டன் உலோகத்தில் மோதுகின்றன. 1913-இல் அமெரிக்காவின் வில்லியம் கூலிட்ஜ் தந்த அமைப்பு இது. மோதலின் ஆற்றலில் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான் எக்ஸ் கதிராகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். கூர்மையான நிழல் வேண்டுமானால் கதிர் பிறக்கும் இடம் சிறுபுள்ளியாக இருக்க வேண்டும். ஆனால் அத்தனை வெப்பமும் ஒரு மில்லிமீட்டர் புள்ளியில் இறங்கினால், 3,400 டிகிரி செல்சியஸ்வரை உருகாத டங்ஸ்டனும் தாங்காது. 1920-களின் இறுதியில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தில் ஆல்பர்ட் பவர்ஸ் இதற்கு வழி கண்டார். தட்டை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலவிட்டால் மோதும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வெப்பம் ஒரு வளையம் முழுக்கப் பரவிவிடும். வெளியிலிருந்து பார்த்தாலோ கதிர் அதே ஒற்றைப் புள்ளியிலிருந்துதான் புறப்படுகிறது!

அடுத்த எதிரி சிதறல் கதிர். உடம்புக்குள் போகும் கதிர்களில் ஒரு பகுதி திசுக்களில் முட்டி, திசைமாறித் தாறுமாறாக வெளியே வரும். அவை விழும் இடமெல்லாம் படம் சாம்பல் பூத்துவிடும். 1913-இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்டாவ் பக்கி, உடம்புக்கும் படத்தகட்டுக்கும் நடுவே ஈயத் தகடுகளை இடைவெளி விட்டு நிறுத்தினார். நேராக வரும் கதிர் இடுக்கு வழியே போய்விடும். சாய்ந்து வருவது ஈயத்தில் முட்டி நின்றுவிடும். படம் தெளிந்தது, ஆனால் ஈயத்தின் கோடுகளும் கூடவே பதிந்தன. சில ஆண்டுகளில் சிகாகோவின் ஹாலிஸ் பாட்டர் அந்தத் தடுப்பையே படமெடுக்கும் நேரத்தில் நகரவைத்தார். கோடுகள் கலைந்து மறைந்துபோயின. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். நோயாளி இம்மியும் அசையக் கூடாது; அவருக்கு முன்னால் இருக்கும் தடுப்போ அசைந்தே ஆக வேண்டும். இன்றும் நம்மூர் எக்ஸ்ரே அறைகளில் அந்தப் பலகைக்குப் பெயர் 'பக்கி'. தடுப்பு நல்ல கதிரையும் கொஞ்சம் விழுங்குவதால், அதை ஈடுகட்டக் கூடுதல் கதிர் தேவைப்படும். அதனால் உடம்பு மெலிந்த சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தடுப்பை எடுத்துவிடுவார்கள்.

புதிய டிஜிட்டல் கருவிகளின் பலகைக்குள் பிலிம் இல்லை. அவற்றில் பலவற்றில் சீசியம் அயோடைடு என்ற படிகத்தை ஊசி ஊசியாக, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியதாக, செங்குத்தாக வளர்த்திருக்கிறார்கள். எக்ஸ் கதிர் பட்டதும் படிகம் ஒளிரும். அந்த ஒளி பக்கவாட்டில் கசியாமல் ஊசி வழியே இறங்கி, அடியிலுள்ள மின்னணுத் தகட்டைச் சேரும். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் கிடைக்கும் கதிரளவு 0.1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகில் ஒருவருக்கு இயல்பாகக் கிடைப்பது சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஆகவே ஒரு படம் என்பது சில நாட்களின் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். தோரியம் கலந்த மோனசைட் மணல் கிடக்கும் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இயற்கைக் கதிர்வீச்சு அந்தச் சராசரியைவிட அதிகம்.

இத்தனை செய்தும் நிழலுக்கு ஒரு குறை உண்டு. பூதப்பாண்டியிலிருந்து பார்த்தால் தாடகை மலை ஒரு பெண் படுத்திருப்பதுபோலத் தெரியும் என்பார்கள். வேறு பக்கம் போய்ப் பார்த்தால் அந்த உருவம் கலைந்துவிடும். ஒரே திசையிலிருந்து பார்த்து எது முன்னால், எது பின்னால் என்று சொல்ல முடியாது. சுற்றிவந்து எல்லாத் திசையிலும் பார்த்தால்? நாம் 'ஸ்கேன்' என்று சொல்லும் சிடி கருவி அதைத்தான் செய்கிறது. 1971 அக்டோபர் 1 அன்று இங்கிலாந்தில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. கதிர் எங்கும் ஒரே தடிமனைக் கடக்கும்படி, நீர்ப்பெட்டியோடு சேர்ந்த ரப்பர் உறைக்குள் தலையை நுழைக்க வேண்டும். கருவி ஒவ்வொரு டிகிரியாகத் திரும்பி 180 கோணங்களில், கோணத்துக்கு 160 வீதம், 28,800 அளவுகளை எடுத்தது.

அத்தனை நிழல்களிலிருந்து உள்ளுருவத்தை மீட்பது கணிதத்தின் வேலை. இங்கேதான் நம் பக்கத்துப் பெயர் ஒன்று வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எக்ஸ் கதிர் கொண்டு கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டறிந்த ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து 1971 செப்டம்பரில், அதாவது அந்த முதல் ஸ்கேனுக்குச் சில வாரங்கள் முன்பு, ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒவ்வொரு நிழலையும் வந்த வழியே திருப்பி இழுத்துப் பரப்பினால், அதாவது பின்வீழ்த்தினால், கோடுகள் குறுக்கிடும் இடத்தில் உருவம் எழும்; கூடவே சுற்றிலும் ஒரு மங்கலும் எழும். அதற்கு அவர்கள் சொன்ன வழி: பரப்புவதற்கு முன்பே, நிழலின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அண்டைப் புள்ளிகளின் பங்கை ஒரு கணக்குப்படி கழித்துவிடு. மங்கல் தானே அழிந்துவிடும். அதுவரை இருந்த நீண்ட ஃபூரியர் கணக்குகளுக்குப் பதிலாகப் பெருக்கலும் கூட்டலும் போதும். விண்மீன்களிலிருந்து வரும் ரேடியோ அலைகளுக்காக ரொனால்ட் பிரேஸ்வெல் 1967-லேயே இதே வழிக்கு வந்திருந்தார். இவர்கள் தனியாக, எக்ஸ்ரே படங்களுக்காக வந்து சேர்ந்தார்கள். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவி வேறு கணக்கைப் பயன்படுத்தியது. ஆனால் பின்னால் வந்த சிடி கருவிகள் பல்லாண்டுகள் நம்பியிருந்தது இந்த வடிகட்டும் முறையைத்தான். உலகெங்கும் மருத்துவப் படவியல் பாடங்களில் அந்த வடிகட்டிக்கு இரு பெயரையும் சுருக்கி 'ராம்-லாக்' என்றே பெயர்.

இன்றைய சிடி கருவியில் குழாய் அரை நொடிக்குள் ஒரு சுற்று முடித்துவிடுகிறது. மின்கம்பி சுற்றிக்கொள்ளாதா? சுழலும் சட்டத்துக்கு நழுவு வளையங்கள் வழியே மின்சாரம் போவதால் கம்பியே தேவையில்லை. அது ஓயாமல் சுற்ற, மேசை சீராக நகர்கிறது. கதிரின் பாதை உடம்பைச் சுற்றித் திருகாணியின் மரைபோல ஏறுகிறது. உடம்பு நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்திருப்பதால், நடுவில் மெலிந்து ஓரங்களில் தடித்த ஒரு வடிகட்டியைக் குழாயின் வாயில் பொருத்தியிருக்கிறார்கள். நோயாளி சரியாக வளையத்தின் மையத்தில் படுத்தால்தான் இந்தப் பொருத்தம் பலிக்கும். கொஞ்சம் இறங்கினால் ஒரு பக்கத்துக்குக் கதிர் கூடும், மறுபக்கம் படம் புள்ளிவிழும். லேசர் கோடுகளை வைத்துக் கண்ணால் சரிபார்த்து வந்த இந்த வேலைக்கு, இப்போது சில கருவிகளில் கூரையிலிருந்து ஒரு முப்பரிமாணக் கேமரா துணைக்கு வந்திருக்கிறது. படுத்திருப்பவரின் உடல் வடிவத்தை அது அளந்து, உடம்பின் மையம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிடும். மூன்று சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் மேசையை மூன்று சென்டிமீட்டர் உயர்த்தச் சொல்லும். அதன் பிறகுதான் குழாய் சுழலத் தொடங்கும்.