உங்களுக்குத் தெரியுமா? உப்புக்காற்றில் பூக்கும் டெய்சி

நார்வேயின் வடகோடியில், பேரன்ட்ஸ் கடலோரம் இருக்கும் மீன்பிடி ஊர் பாட்ஸ்பியோர்ட். ஈழத்தமிழர் பலர் அங்குள்ள மீன் ஆலைகளில் உழைத்திருக்கிறார்கள். மரமே அபூர்வமான அந்தக் கரைகளில், நள்ளிரவிலும் சூரியன் மறையாத கோடையில் பூக்கிறது கடற்கரை டெய்சி. சாமந்திக் குடும்பம், சில ஆண்டுகள் வாழும் காட்டுச்செடி. வெள்ளை இதழ்கள், நடுவே மஞ்சள் குமிழ். இலையைத் தொட்டுப் பாருங்கள்: நூலாய்ப் பிரிந்திருந்தாலும் சதைப்பற்றானது. உப்பைத் தாங்க அந்தச் சதைப்பற்றே துணை. அலை ஒதுக்கிய கடற்பாசி மட்கி இதற்கு உரமாகிறது. வளர்க்க நல்ல வெயிலும் நீர் தேங்காத மணற்பாங்கான மண்ணும் வேண்டும். விதையை ஆழப் புதைக்காமல் மேலே தூவி லேசாக அழுத்துங்கள். சென்னை வெக்கை இதற்கு ஆகாது. குளிர்நாட்டில் வாழும் நம்மவர்கள் பால்கனித் தொட்டியிலேயே தாராளமாக வளர்க்கலாம்.