மாரடைப்புக்குப் பிறகு தாறுமாறாகத் துடிக்கும் இருதயம்: 'பேதி உப்பு' ஊசி காப்பாற்றுமா?

மாரடைப்பு வந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. வலியும் நின்றுவிட்டது. "அப்பாடா, கண்டம் தப்பிச்சுது" என்று வீட்டார் மூச்சு விடுகிறார்கள். ஆனால் டாக்டர் மட்டும் மார்பில் ஒட்டிய ஒயர்களைக் கழற்ற விடுவதில்லை.

ஏன்?

மாரடைப்புக்குப் பிறகு முதல் ஒன்றிரண்டு நாட்கள் இருதயத் துடிப்பு தடம் புரளும் ஆபத்து அதிகம். நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை சீராகத் துடிக்க வேண்டிய இருதயம் திடீரென்று தாறுமாறாக ஓடும். சில சமயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும். நடுங்குகிற இருதயம் ரத்தத்தை வெளியே தள்ளாது. சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

இதைத் தடுக்க டாக்டர்கள் ரத்தத்தில் சில உப்புகளின் அளவைப் பார்க்கிறார்கள். அதில் ஒன்று மக்னீசியம்.

அது என்ன மக்னீசியம்?

அது ஓர் உலோகச் சத்து. வளர்ந்த ஆள் ஒருவர் உடம்பில் மொத்தமே சுமார் 25 கிராம்தான் உண்டு. பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 100 மில்லி ரத்த நீரில் ஏறக்குறைய 1.7 முதல் 2.2 மில்லிகிராம் வரை இருந்தால் சரியான அளவு.

அளவு சிறிது, வேலை பெரிது! இருதயத் தசையின் ஒவ்வொரு உயிரணுவிலும் பம்பு மாதிரி ஓர் அமைப்பு இருக்கிறது. அது சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். மக்னீசியம் இல்லாமல் அந்தப் பம்பு ஓடாது. அது குறைந்தால் பொட்டாசியமும் சிறுநீரில் வீணாகப் போகும். இருதயத்தின் மின்சாரம் ஒழுங்கு கெடும்.

யாருக்குக் குறையும்?

நீர் பிரிய மாத்திரை நெடுநாள் சாப்பிடுகிறவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், விடாத பேதியில் அவதிப்படுகிறவர்கள். நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகளை வருஷக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கும் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011ல் எச்சரித்தது.

லெஸ்டர் டாக்டர்கள் சோதனை

வயிறு சுத்தமாகக் கொடுப்பார்களே பேதி உப்பு, அதன் ரசாயனப் பெயர்தான் மக்னீசியம் சல்பேட். அதையே சுத்தமான ஊசி மருந்தாக்கி ரத்தக் குழாயில் ஏற்றினால் என்ன?

இங்கிலாந்தில் லெஸ்டர் நகர டாக்டர்கள் மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 2,316 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மக்னீசியம், மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். முடிவு 1992ல் வெளிவந்தது. 28 நாட்களில் இறந்தவர்கள், உப்புத் தண்ணீர் ஏற்றியவர்களில் நூற்றுக்கு 10.3 பேர். மக்னீசியம் ஏற்றியவர்களில் 7.8 பேர்தான்!

மலிவான மருந்து. உயிரைக் காக்கிறது. மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

58 ஆயிரம் பேர்!

அடுத்து வந்தது மிகப் பெரிய சோதனை. 58,050 நோயாளிகள். முடிவு 1995ல் வந்தபோது எல்லோரும் திகைத்தார்கள். மக்னீசியம் ஏற்றியவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு 7.64. ஏற்றாதவர்களில் 7.24. பலன் எதுவும் இல்லை.

"நேரம் கடந்து ஏற்றியிருப்பார்கள், அதனால்தான் பலிக்கவில்லை" என்று சிலர் வாதாடினார்கள். அதையும் பார்த்துவிடுவோம் என்று 14 நாடுகளில், ஆபத்து அதிகமுள்ள 6,213 பேருக்குச் சீக்கிரமாகவே ஏற்றிப் பார்த்தார்கள். 2002ல் வந்த கணக்கு: மக்னீசியத்தில் 15.3, வெறும் நீரில் 15.2.

வழக்கு முடிந்தது. மாரடைப்பு வந்த எல்லோருக்கும் மக்னீசியம் ஏற்றுவதில் பயன் இல்லை என்பது உறுதியானது.

அப்படியானால் வீணா?

இல்லை! ரத்தத்தில் உண்மையாகவே குறைந்திருந்தால் அதை ஈடுகட்டத்தான் வேண்டும். இன்னொரு விதமான கோளாறிலும் இது கைகொடுக்கும். ஈ.சி.ஜி. காகிதத்தில் கோடுகள் கயிறு முறுக்கியது போல் சுருண்டு சுருண்டு ஓடும். 1966ல் பிரெஞ்சு டாக்டர் தெசர்தேன் விவரித்த கோளாறு இது. இதற்கு இன்றும் முதலில் எடுக்கும் மருந்து மக்னீசியம் ஊசிதான்.

ஆனால் இருதயம் வெறுமனே நடுங்கும்போது காப்பாற்றுவது ஊசி அல்ல. மார்பில் கொடுக்கும் மின் அதிர்ச்சிதான். அந்த மெஷின் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. நெஞ்சு வலித்தால் "வாயுப் பிடிப்பு" என்று வீட்டில் படுத்துக் கிடக்கக் கூடாது என்று சொல்வது அதனால்தான்.

கடையில் வாங்காதீர்கள்!

"மக்னீசியம் நல்லதாமே" என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதும், பேதி உப்பைக் கரைத்துக் குடிப்பதும் ஆபத்து. முக்கியமாகச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது. அவர்கள் உடம்பில் அது வெளியேறாமல் தேங்கும். அளவு மீறினால் துடிப்பு மந்தமாகும், மூச்சும் அடங்கும்.

உடம்பு நன்றாக இருப்பவர்களுக்குக் கீரை, கேழ்வரகு, வேர்க்கடலை, பயறு வகைகளிலேயே இந்தச் சத்து கிடைத்துவிடும்.

இருதய நோய்க்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது, "பொட்டாசியம், மக்னீசியம் இரண்டையும் பார்த்துடலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.