முன்கதவுக் காரும் லைசன்ஸ் வியாபாரமும்

போன வாரம் கடைக்கு வந்த ஒரு தம்பி தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். முட்டை வடிவில் ஒரு சின்னக் கார். அதன் முகப்பு முழுவதுமே கதவு. "நானா, இது பீ.எம்.டபிள்யூ என்கிறார்கள். இன்னொருவர் இத்தாலிக் கார் என்கிறார். எது சரி?" என்று கேட்டார். இரண்டும் சரியாக இருக்கலாம் என்றேன். அவர் நம்பவில்லை. அவருக்குச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். இதில் வியாபாரிகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது.

அந்தக் காரின் பெயர் இசெட்டா. இத்தாலியில் ரென்சோ ரிவோல்டா என்பவரின் ஈசோ கம்பனி 1953இல் அதை அறிமுகப்படுத்தியது. குளிர்சாதனப் பெட்டி, ஸ்கூட்டர் ஆகியவற்றைச் செய்துவந்த கம்பனி அது. ஆனால் இத்தாலியில் இசெட்டா எடுபடவில்லை. இன்னும் கொஞ்சம் காசு போட்டால் பியட் கார் வாங்கலாம் என்ற நிலையில் மக்கள் பியட்டையே வாங்கினார்கள். ஆகவே ஈசோ கம்பனி, இசெட்டாவைச் செய்யும் உரிமையை வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு விற்றது.

ஜேர்மனியின் பீ.எம்.டபிள்யூ அப்போது கஷ்டத்தில் இருந்தது. அதன் பெரிய கார்கள் விலை கூடியவை. மோட்டார் சைக்கிள் விற்பனையும் குறைந்துகொண்டிருந்தது. அது ஈசோவிடம் உரிமையோடு உடற்பகுதி செய்யும் அச்சுகளையும் வாங்கிக்கொண்டது. ஆனால் ஈசோவின் 236 சீசீ இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரத்தைப் போடவில்லை. தனது மோட்டார் சைக்கிளின் 247 சீசீ நான்கு ஸ்ட்ரோக் இயந்திரத்தைப் பொருத்தியது. பின்னர் 298 சீசீ இயந்திரமும் வந்தது. 1955 முதல் 1962 வரை சுமார் 1,61,000 இசெட்டாக்களை அது செய்தது. உருவாக்கியவரை விட உரிமை வாங்கியவரே அதிகம் விற்றார்.

பிரான்சில் வெலாம் கம்பனி உரிமை வாங்கியது. அச்சுகள் ஏற்கனவே ஜேர்மனிக்குப் போய்விட்டதால், அது தானே ஓர் உடற்பகுதியை வடிவமைத்தது. அதனால் வெலாம் கார் மற்றவற்றை விட உருண்டையாக இருக்கும். கதவில் கைபிடிக்குப் பதிலாக அழுத்தும் பொத்தான். வேகமானி ஸ்டியரிங்கின் நடுவில்.

பிரேசிலில் 1956இல் இதைச் செய்யத் தொடங்கிய ரோமி, கடைசல் இயந்திரங்கள் செய்யும் கம்பனி. முதலில் ஈசோ இயந்திரம், 1959 முதல் பீ.எம்.டபிள்யூ இயந்திரம். அந்நாட்டு அரசு கார்த் தொழிலுக்குக் கொடுத்த சலுகைகள், ஒரே கதவுள்ள இந்தச் சின்னக் காருக்குக் கிடைக்கவில்லை. சுமார் 3,000 கார்களோடு 1961இல் நின்றுபோனது.

பிரித்தானியாவில் 1957 முதல் பிரைட்டன் நகரில், பழைய புகையிரத வேலைத்தளம் ஒன்றில் செய்தார்கள். அங்கே வீதி வசதி இல்லை. பாகங்கள் வந்ததும் கார்கள் வெளியே போனதும் புகையிரதத்தில்தான். அந்நாட்டில் அப்போது மூன்று சில்லு வாகனத்துக்கு வரி குறைவாக இருந்தது, மோட்டார் சைக்கிள் லைசன்சே போதுமாக இருந்தது. ஆகவே பின்னால் நெருங்கியிருந்த இரண்டு சில்லுகளுக்குப் பதிலாக ஒன்றை வைத்தார்கள். ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றியதும் சாரதியும் இயந்திரமும் ஒரே பக்கமாகிவிட்டன. சமநிலைக்காக இடப்பக்கம் ஒரு பாரத்தைப் பொருத்தினார்கள்.

இதே சாயலில் இன்னொரு காரும் உண்டு. ஜேர்மனியின் ஹெய்ன்கல். கதவைத் திறந்து பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். இசெட்டாவில் கதவோடு சேர்ந்து ஸ்டியரிங்கும் வெளியே வரும். ஹெய்ன்கலில் ஸ்டியரிங் அசையாது. இந்தக் காரைச் செய்யும் உரிமை 1958இல் அயர்லாந்தின் டண்டோக் நகருக்குப் போனது. தரம் சரியில்லை என்று அந்த உரிமை சிறிது காலத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. 1960 முதல் இங்கிலாந்தின் ட்ரோஜன் கம்பனி அதைத் தன் பெயரில் செய்து விற்றது.

ஆகவே இப்படியொரு காரை யாராவது விலைபேசினால் முன்னால் ஒட்டியிருக்கும் சின்னத்தை மட்டும் நம்பக்கூடாது. சின்னத்தைக் கழற்றி மாற்ற ஐந்து நிமிடம் போதும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, பின்சில்லு எத்தனை, எந்த இயந்திரம் என்று பார்க்க வேண்டும். செசி இலக்கமும் இயந்திர இலக்கமும் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒரே உருவம் என்றாலும், எந்த நாட்டில் செய்தது, எத்தனை மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்து விலை மாறும்.

இனி நம் பக்கம் வருவோம். பல வருடங்களுக்கு முன் நானும் ஒரு வெளிநாட்டுப் பொருளின் உரிமையை வாங்கினேன். பெயர் கிடைத்த சந்தோஷத்தில் ஒப்பந்தத்தைச் சரியாக வாசிக்கவில்லை. உதிரிப்பாகம் தருவதாக அதில் ஒரு வரிகூட இல்லை என்பது, பழுதான பொருட்களோடு வாடிக்கையாளர்கள் கடைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. போட்ட முதலில் பாதி போய்விட்டது.

உரிமை வாங்கப் போகிறவர்கள் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். பெயர் மட்டுமா, அச்சும் வரைபடமும் சேர்த்தா? எந்தெந்தச் சந்தையில் விற்கலாம்? நம் நாட்டுத் தேவைக்கேற்ப மாற்றங்கள் செய்யலாமா? பீ.எம்.டபிள்யூவைத் தூக்கிவிட்டது மூன்றாவது கேள்விக்குக் கிடைத்த பதில்தான்.