மகிழ்ச்சியைத் தாண்டிய ‘ஹெப்பி’

பெருநாளானாலும் பிறந்தநாளானாலும் இன்று நம்மவர் நாவில் முந்திக்கொண்டு வருவது ‘ஹெப்பி’ என்ற ஆங்கிலச் சொல்தான். அதன் பொருள் என்னவென்று கேட்டால் ‘சந்தோஷம்’ என்ற ஒரே விடையே கிடைக்கும். அவ்விடை தவறன்று; ஆயினும் முழுமையானதுமன்று.

பழைய ஸ்கண்டிநேவிய மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்த ‘ஹெப்’ என்பதே இதன் வேர். அதிர்ஷ்டம், தற்செயல் என்பன அதன் பொருள். நிகழ்தலைக் குறிக்கும் ‘ஹெப்பன்’ என்ற சொல்லும் அதிலிருந்து கிளைத்ததே. ஆதியில் ‘ஹெப்பி’ எனப்பட்டவன் நற்பேறு வாய்த்தவன். உள்ளம் மகிழ்ந்தவன் என்ற பொருள் பின்னர் சேர்ந்தது. ‘முபாரக்’ என்று நாம் வாழ்த்தும்போது வேண்டுவதோ அதிர்ஷ்டத்தையன்று, இறைவனின் பரக்கத்தை.

இன்றைய ஆங்கிலத்தில் இச்சொல் மகிழ்ச்சியை மட்டும் சுட்டுவதில்லை. உதவ ‘ஹெப்பி’ என்றால் உதவச் சம்மதம் என்பது பொருள். ஒரு பதிலில் ‘ஹெப்பி’ இல்லை என்றால் திருப்தியில்லை என்பது பொருள். இதன் எதிர்ச்சொல்லான ‘அன்ஹெப்பி’ ஒரு சம்பவத்துடன் சேரும்போது துரதிர்ஷ்டவசமானது என்றாகிவிடுகின்றது.

இது வெறும் இலக்கண விவகாரமன்று. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுத் தமிழாக்கப்படும் கடிதங்கள் இன்றும் உள்ளன. பயிரழிவுக்கு நட்டஈடு கோரிய சவளக்கடை விவசாயி ஒருவருக்கு, ‘உமது விளக்கத்தில் நாம் மகிழ்ச்சியடையவில்லை’ என்று பதில் வந்தால் அவர் என்ன நினைப்பார்? அதிகாரிக்குக் கோபம் என்று ஒதுங்கிவிடக்கூடும். ‘விளக்கம் போதாது’ என்று எழுதியிருந்தால் மேலதிக ஆவணத்துடன் மீண்டும் சென்றிருப்பார். ஒரு சொல்லின் பிழை ஒருவரது உரித்தையே பறித்துவிடலாம்.

செய்தி எழுதும் எமக்கும் இப்பொறுப்பு உண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் திகதிய சுனாமியில் இலங்கையிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அத்தகைய பேரழிவை ‘மகிழ்ச்சியற்ற சம்பவம்’ என்று மொழிபெயர்த்தால், மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் உறவுகளைப் பறிகொடுத்தோரின் துயரத்தை நாமே சிறுமைப்படுத்தியவர்களாவோம்.

மகிழ்ச்சி, திருப்தி, சம்மதம், நற்பேறு என ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் உண்டு. அகராதியின் முதற் பொருளோடு நின்றுவிடாமல், சொன்னவர் எதைக் கருதினார் என்று ஒரு கணம் சிந்தித்து எழுதுவோம். வாசிப்பவருக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச நீதி அதுவே.