பற்றலும் விடுதலும்

கும்பகோணத்திற்கு மேற்கே காவிரிக் கரையில் அமைந்த சுவாமிமலை, செப்புத் திருமேனி வார்க்கும் தபதியரால் புகழ்பெற்ற ஊர். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கூட்டிக் காய்ச்சிய மெழுகால் அவர்கள் முதலில் உருச் சமைப்பர். தலை, கை, கால் முதலிய உறுப்புகளைத் தனித்தனியே செய்து, சூடேற்றிய கருவியால் இளக்கி ஒன்றோடொன்று பொருத்துவர். அங்ஙனம் பொருந்திய கையை மீண்டும் பிரிக்க வேண்டின் மறுபடியும் சூடு காட்டல் வேண்டும். அன்றேல் உருச் சிதையும். பசைகள் பெரும்பாலும் இத்தன்மையனவே. ஒட்டுதல் எளிது, ஒட்டியதைச் சிதையாமல் பிரித்தல் அரிது.

ஆயின், சுவரில் ஊரும் பல்லியை நோக்குங்கள். அது தலைகீழாக நின்றும் வீழ்வதில்லை. பூச்சியைக் கண்டால் நொடிப்பொழுதில் அடிபெயர்த்து ஓடுகின்றது. பற்றலும் விடுதலும் ஆகிய இரண்டும் அதற்கு எளியனவாதல் எங்ஙனம்?

உடும்பு கூரிய நகங்களால் பாறையைப் பற்றும். ‘உடும்புப்பிடி’ என்னும் வழக்கும் அதனால் எழுந்ததே. வழவழப்பான கண்ணாடியில் நகம் ஊன்ற இடமில்லை. பல்லியோ அதன்மீதும் ஏறும். மரத்தவளை விரல்நுனியின் ஈரத்தால் இலையில் ஒட்டும்; பல்லி பசை எதனையும் நம்பி நிற்பதில்லை. காற்றை உறிஞ்சிப் பற்றுகின்றது போலும் எனச் சிலர் கருதினர். காற்றகற்றிய கலத்தினுள்ளும் அதன் பிடி தளராமையால் அக்கருத்தும் வீழ்ந்தது.

உண்மை அதன் விரலடியில் உள்ளது. வடகிழக்கு இந்தியாவிலும் வாழும் டோக்கே என்னும் பெரும்பல்லியின் ஓரடியில் ஏறத்தாழ 5 இலட்சம் நுண்மயிர்கள் உள. ஒவ்வொரு மயிரின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரியும். கிளைநுனியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் 5,000-இல் ஒரு பங்கேயாம்.

மிக நெருங்கிய இரு பொருள்களின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று சிறிது ஈர்க்கும். இதனை வான்டெர்வால்சு விசை என்பர். அங்ஙனமாயின் நம் உள்ளங்கை சுவரில் ஒட்டாதது ஏன்? கையும் சுவரும் மேடுபள்ளம் உடையன. ஆதலின் சில புள்ளிகளிலேயே அவை மெய்யாகத் தொடுகின்றன. பல்லியின் மயிர்நுனிகளோ பள்ளந்தோறும் புகுந்து தொடும். 2000-ஆம் ஆண்டில் கெல்லர் ஆட்டம், ராபர்ட் ஃபுல் முதலிய அறிஞர்கள் தனி மயிர் ஒன்றின் பிடியை அளந்தனர். அஃது ஏறத்தாழ ஒரு நெல்மணியின் எடையைத் தாங்க வல்லது எனக் கண்டனர். சிறுமை பல கூடிப் பெருவலிமை ஆயிற்று.

இனி, விடுதல் எங்ஙனம்? மயிர் சுவரோடு கொள்ளும் கோணம் ஏறத்தாழ 30 பாகையைக் கடந்தால் அது தானே கழலும். பல்லி விரலை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டும்போது கோணம் மிகும். மயிர்கள் வரிசை வரிசையாக விடுபடும். எல்லாவற்றையும் ஒருங்கே இழுத்தற்குப் பெருவலிமை வேண்டும். ஓரத்திலிருந்து உரித்தற்குச் சிறுவலிமையே போதும்.

இயற்கை கற்பித்த இப்பாடத்தை நம் நாட்டாரும் கற்றனர். 2007-ஆம் ஆண்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அபிஜித் மஜும்தார், அனிமாங்சு கட்டக், அசுதோஷ் சர்மா ஆகிய மூவரும், மரத்தவளை, பூச்சி ஆகியவற்றின் அடியமைப்பைக் கருத்திற்கொண்டு புதிய ஒட்டுப்படலம் ஒன்றைச் சமைத்தனர். நெகிழ்படலத்தின் மேற்பரப்பிற்குக் கீழே நுண்குழல்களை அமைத்து, அவற்றுள் எண்ணெய் நிரப்பினர். உரிக்கும்போது தோன்றும் பிளவு குழல்தோறும் தடைப்பட்டு நின்றது. அதனால் ஒட்டும் வலிமை ஏறத்தாழ 30 மடங்கு வரை மிகுந்தது. படலத்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்தவும் இயன்றது.

இவ்வாராய்ச்சியால் பயன் என்னை என வினவலாம். பச்சிளங்குழவியின் தோலும் முதியோர் தோலும் மிக மெல்லியன. புண்ணின்மேல் ஒட்டிய கட்டை உரிக்கும்போது தோலும் உடன் கிழிதல் உண்டு. உறுதியாகப் பற்றி, நோவின்றி விடும் பசை அவர்தம் துன்பம் தீர்க்கும்.

பல்லி சொல்லும் பலனுக்குச் செவிசாய்த்தோர் நம்முள் பலர். அதன் அடியை உற்று நோக்கினோர் மிகச் சிலர். மாணவர்களே, நீங்கள் அச்சிலருள் ஒருவராகுங்கள்.