காதுக்கு அளவு பார்த்து வாங்கினீங்களா?

“டேய்... சாப்பிட வாடா!”

அம்மா மூன்று தடவை கூப்பிட்டாச்சு. பதிலே இல்லை. கடைசியில் அப்பா எழுந்து போய்த் தோளைத் தட்டினால், “என்னப்பா, கூப்பிட்டீங்களா?” என்று காதிலிருந்து இயர்போனைக் கழற்றுகிறான் பிள்ளை. கழற்றிய இயர்போன் தலையணை மேல் கிடந்து தன்பாட்டுக்குப் பாடிக் கொண்டிருக்கிறது. அறை வாசலில் நிற்கும் அம்மாவுக்கே பாட்டு கேட்கிறது!

இந்தக் காட்சி நடக்காத வீடு இன்றைக்கு ஏது? “எப்பப் பாரு, அதையே காதுல மாட்டிக்கிட்டு...” என்று திட்டுவதோடு நாமும் விட்டுவிடுகிறோம். பிள்ளை ஏன் அவ்வளவு சத்தம் வைக்கிறான் என்று யோசிப்பதில்லை. பல சமயம் காரணம் ரொம்பச் சாதாரணமானது. அந்த இயர்போன் அவன் காதுக்குப் பொருந்தவில்லை. அவ்வளவுதான்!

செருப்பு வாங்கினால் நாலு ஜோடி போட்டு நடந்து பார்க்கிறோம். ஜாக்கெட் தைக்க அளவு கொடுக்கிறோம். காதுக்குள் மணிக்கணக்கில் இருக்கப்போகும் சாமானுக்கு மட்டும் கலரும் விலையும் பார்த்தால் போதுமா?

குக்கர் காஸ்கெட் கதைதான்!

குக்கரில் காஸ்கெட் சரியாக உட்காரவில்லை என்றால் என்ன ஆகும்? ஓரத்தில் ஆவி கசியும். விசில் வராது. காஸ்கெட்டைக் கவனிக்காமல் அடுப்பை மட்டும் கூட்டினால் காஸ்தான் தீரும்.

காதுக்குள் செருகும் இயர்போனும் இப்படித்தான். அதன் நுனியில் குடை மாதிரி ஒரு சின்ன சிலிக்கான் ரப்பர் இருக்கிறது அல்லவா? கடைக்காரர்கள் ‘இயர் டிப்’ என்பார்கள். அதுதான் காஸ்கெட். அது காதுத் துவாரத்தைச் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் அடைக்க வேண்டும். இடைவெளி இருந்தால் இரண்டு கெடுதல்கள். ஒன்று, தாழ்ந்த ஸ்தாயி ஒலிகள், அதாவது ‘பேஸ்’ வெளியே கசிந்துவிடும். மிருதங்கத்தில் தொப்பிப் பக்கத்தின் ‘தொம்’ காணாமல் போய், தகரத்தில் தட்டுகிற மாதிரி கேட்கும். இரண்டாவது, அதே சந்து வழியாகப் பஸ் இரைச்சலும் மிக்ஸி சத்தமும் உள்ளே வரும்.

“பாட்டு சப்புன்னு இருக்கே” என்று கை தானாக வால்யூமுக்குப் போகிறது. பேஸ் வருவதில்லை. சத்தம் மட்டும் ஏறுகிறது. காதுக்கு ஆபத்து ஆரம்பிப்பது இங்கேதான்.

இதை முன்பே புரிந்து கொண்டவர்களில் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த மீட் கில்லியன். காது கேட்கும் கருவிகள் துறையில் ஊறியவர். இவருடைய எடிமோட்டிக் ரிசர்ச் கம்பெனி 1991-ல் கொண்டுவந்த ‘ஈ.ஆர்-4’ என்ற இயர்போன், காதுத் துவாரத்துக்குள் ஆழமாகப் போய் அடைத்துக் கொள்ளும். வெளிச் சத்தம் வெகுவாகக் குறைந்துவிடுவதால், மெல்லிய சத்தத்திலேயே இசையின் நுணுக்கங்கள் கேட்கும். இன்று கடைகளில் குவிந்திருக்கும் காதுக்குள் செருகும் ரகங்களுக்கெல்லாம் இது முன்னோடி மாதிரி.

உங்கள் காது வேறே, என் காது வேறே!

வெளியிலிருந்து செவிப்பறை வரைக்கும் காதுக் குழாய் பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். நேரான குழாய் அல்ல, லேசாக நெளிந்து போகும். வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. மெல்லும்போதும் பேசும்போதும் இது கொஞ்சம் அசையும். உள்ளே மீதிப் பகுதி எலும்பு. அங்கே தோல் மிக மெல்லியது. லேசாக உரசினாலும் சுளீர் என்று வலிப்பது அதனால்தான்.

குழாயின் அகலமும் வளைவும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்குக்கூட இடது காதும் வலது காதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை! “எனக்கு எப்பவும் லெஃப்ட் சைடு மட்டும் கழண்டு விழுது” என்று சொல்பவர்கள் இயர்போனைக் குறை சொல்லாமல், அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ரப்பரை மாட்டிப் பார்க்கலாம். ஒரு பக்கம் மீடியம், மறுபக்கம் லார்ஜ் என்று போடுவதில் தப்பே இல்லை.

பெட்டிக்குள் குட்டிப் பாக்கெட்டில் இரண்டு மூன்று ஜோடி ரப்பர் கொடுக்கிறார்களே, அது இதற்குத்தான். நம்மில் பலர் அதைப் பிரிப்பதே இல்லை. பெட்டியோடு பரணுக்குப் போய்விடுகிறது.

பொருத்தம் பார்ப்பது எப்படி?

முதலில் மாட்டும் விதம். இடது காதில் மாட்டும்போது, வலது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் இடது காது மடலை மேலும் பின்னுமாக மெதுவாக இழுங்கள். நெளிந்த குழாய் ஓரளவு நேராகும். அப்போது இயர்போனை லேசாகத் திருகியபடி செருகி, மடலை விட்டுவிடுங்கள். குத்தி அழுத்த வேண்டாம். பிறகு இந்த மூன்று சோதனைகள்:

ஒன்று: பாட்டு போடாமலே ‘ம்ம்ம்...’ என்று முனகுங்கள். குடத்துக்குள் பேசுகிற மாதிரி உங்கள் குரல் தலைக்குள்ளேயே முழங்கினால் அடைப்பு சரி. ஒரு காதில் மட்டும் முழங்கினால், இன்னொரு பக்கம் கசிகிறது.

இரண்டு: மிருதங்கமோ தபேலாவோ நன்றாக ஒலிக்கும் பாட்டை மெதுவான சத்தத்தில் போடுங்கள். இயர்போனை விரலால் லேசாக அழுத்துங்கள். அழுத்தியதும் ‘தொம்’ ஒலி சட்டென்று கூடினால் அதுவரை சந்து இருந்திருக்கிறது. ரப்பரை மாற்றுங்கள்.

மூன்று: வாயைத் திறந்து கொட்டாவி விடுங்கள். ஏதாவது மெல்லுங்கள். தலையை ஆட்டுங்கள். நழுவாமல் நிற்க வேண்டும்.

சிலிக்கான் ரப்பர் எதுவுமே சரிப்படாதவர்களுக்கு ‘ஃபோம் டிப்’ இருக்கிறது. பஞ்சு போன்றது. விரலால் உருட்டிச் சுருக்கிக் காதில் செருகி, அரை நிமிஷம் பிடித்துக் கொண்டால், மெதுவாக விரிந்து உங்கள் காதின் வடிவத்துக்கே உட்கார்ந்துவிடும். வெளிச் சத்தத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் வியர்வையும் அழுக்கும் ஏறினால் அலசிப் போட முடியாது. அவ்வப்போது புதிது மாற்றியாக வேண்டும்.

“பழகப் பழகச் சரியாயிடும்!”

கடையில் இப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். இயர்போன் என்பது புதுச்செருப்பு அல்ல. இருபது நிமிஷத்தில் காது வலித்தால், அளவு பெரிது அல்லது வடிவம் உங்களுக்கானது அல்ல என்று அர்த்தம். வலி காதுத் துவாரத்துக்குள் என்றால் ரப்பரைச் சிறிதாக்கலாம். வெளியே, காதுக் குழியில் பிளாஸ்டிக் உடம்பு அழுத்தி வலித்தால் ரப்பர் மாற்றிப் பயனில்லை. வேறு மாடல்தான் பார்க்க வேண்டும். சின்னக் காது உள்ள பெண்களும் பிள்ளைகளும் எடை குறைந்த, சிறிய உடம்புள்ள ரகமாகத் தேடுவது நல்லது.

வயர் உள்ள இயர்போனில் நடக்கும்போது ‘சரக் சரக்’ என்று வயர் சட்டையில் உரசும் சத்தம் கேட்கும். அதற்கான மாடலாக இருந்தால், வயரைக் காதுக்கு மேலே சுற்றிப் பின்பக்கமாக விட்டால் பெருமளவு குறையும்.

பெட்டி மேல் போட்டிருப்பதெல்லாம்...

‘20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். நல்ல இளம் காது கேட்கக்கூடிய எல்லையே சுமார் அவ்வளவுதான். சாதாரண இயர்போனில்கூட அதைத்தான் அச்சடிக்கிறார்கள். அதை வைத்துத் தரம் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் ‘10 எம்.எம்.’, ‘12 எம்.எம்.’ என்பதும் அப்படியே. பெரிது என்பதால் நல்லது என்று ஆகிவிடாது.

தரம் பார்க்க உங்கள் காதே கருவி. ரொம்ப நாளாகக் கேட்டு, வரி வரியாக மனசில் இருக்கும் ஒரு பாட்டைப் போடுங்கள். பாடுகிறவர் குரல் உங்கள் எதிரே நிற்கிறதா, அல்லது வாத்தியங்களுக்குப் பின்னால் போய் ஒளிந்து கொள்கிறதா? ‘ச’, ‘ஷ’ வருகிற இடங்களில் காதைக் குத்துகிறதா? ஜால்ராவும் தாளமும் தெளிவாக இருக்கிறதா? எல்லாமே ‘தொம் தொம்’ என்று ஒரே முழக்கமா? பத்து நிமிஷம் கேட்டும் காது களைக்காமல் இருந்தால் நல்ல இயர்போன்.

வெளிச் சத்தத்தை எலெக்ட்ரானிக் முறையில் குறைக்கும் ‘நாய்ஸ் கேன்சலிங்’ ரகத்தில், சின்ன மைக் வெளி இரைச்சலைப் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கி அமுக்கும். பஸ், ரயில், விமானத்தில் வரும் சீரான ‘ஹூம்’ ஓசைக்கு நன்றாக வேலை செய்யும். குழந்தை அழுகைக்கும் பேச்சுச் சத்தத்துக்கும் அந்த அளவு எடுபடாது. காதில் சரியாக அடைக்கவில்லை என்றால் இதுவும் சோபிக்காது.

போனது திரும்பாது!

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும். உட்காதில் நத்தைக்கூடு வடிவத்தில் காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. அதில் சுமார் 15,000 நுண்ணிய முடி செல்கள். ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுவது இவைதான். அளவுக்கு மீறிய சத்தத்தில் இவை செத்துப்போனால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. மருந்தும் கிடையாது. வலியும் இருக்காது என்பதால் ஆரம்பத்தில் தெரியவே தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பரவாயில்லை. குழந்தைகளுக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். 100 டெசிபல் என்றால் 20 நிமிஷம்!

இரைச்சலான பஸ்ஸுக்குள் சத்தம் 80 டெசிபலைத் தொடலாம். பொருந்தாத இயர்போனில் பாட்டு கேட்பவர் அதற்கும் மேலே வைத்தால்தான் கேட்கும். பொருந்திய இயர்போன் அந்த இரைச்சலைத் தடுத்துவிடுகிறது. வால்யூமைப் பாதிக்குக் கீழே வைத்தே கேட்கலாம். பல போன்களில் வால்யூமுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதியும் இருக்கிறது. பிள்ளைகள் போனில் அதைப் போட்டுவிடுங்கள்.

பாட்டு கேட்டு முடித்ததும் காதில் ‘கொய்ங்’ என்று சத்தமோ, அடைத்த மாதிரி உணர்வோ வந்தால், காது கொடுக்கும் முதல் எச்சரிக்கை அது. அடிக்கடி வந்தால் காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பாருங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே போங்கள்.

உஷார்... உஷார்!

* காதில் சீழ் வடிபவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், காதில் ஆபரேஷன் செய்து கொண்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் காதுக்குள் செருகும் ரகத்தைப் போடக்கூடாது.

* சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் காதில் வரும் தொற்று தீவிரமாகலாம். காது வலியை அலட்சியம் செய்ய வேண்டாம்.

* தலைக்குக் குளித்தால் காது நன்றாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் காதில் பூஞ்சை வளரும்.

* ரப்பரைக் கழற்றி வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள்.

* ஒருவர் இயர்போனை இன்னொருவர் போட வேண்டாம். அக்கா தங்கை ஆனாலும் சரி!

* காதுக் குறும்பி தானே வெளியே வந்துவிடும். இயர்போன் அதை உள்ளே தள்ளிக் காது அடைத்தால், பட்ஸோ ஹேர்பின்னோ விடாதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

* தெருவில் நடக்கும்போதும், வண்டி ஓட்டும்போதும், தண்டவாளம் கடக்கும்போதும் இயர்போன் வேண்டவே வேண்டாம். பின்னால் வரும் ஹாரன் கேட்காது.

கடைசியாக அம்மாக்களுக்கு ஒரு விஷயம். அளவாக அடைக்கும் இயர்போனை வாங்கிக் கொடுத்துவிட்டால், பிள்ளை வைக்கும் சத்தம் குறையும். ஆனால் நீங்கள் கூப்பிடுவது இன்னமும் கேட்காது! அதனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழற்றி, பத்து நிமிஷமாவது காதுக்கு ஓய்வு கொடுப்பது என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டுவிடுங்கள். அந்தப் பத்து நிமிஷத்தைச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வைத்துக் கொண்டால் உங்கள் தொண்டைக்கும் நல்லது.

அதற்கு முன்னால் ஒரு வேலை. பரணில் இருக்கும் அந்தப் பெட்டியை எடுத்து, குட்டிப் பாக்கெட்டைப் பிரியுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு ரப்பராக மாட்டி ‘ம்ம்ம்...’ சொல்லச் சொல்லுங்கள். புது இயர்போனே தேவைப்படாமல் போகலாம்!